கரணை பிடித்துக் கற்ற கட்டடக்கலை

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் நியூபர்ன் என்றொரு ஊர். இருநூறு பேர்கூட இல்லாத ஊர். சாலையோரம் ஒரு கடை, ஒரு அஞ்சலகம், தேவாலயங்கள், பழைய பருத்தி நிலங்கள். கட்டடக்கலை சொல்லித்தரும் ஆசிரியர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். இங்கே பெரிய கல்லூரி வளாகம் எதுவும் இல்லை. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் வளாகம் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அந்த வளாகத்தை விட்டுப் புறப்பட்டு வந்த ஒரு வகுப்பு மட்டும் இந்த வட்டாரத்திலேயே குடியேறிவிட்டது. 1993-ல் தொடங்கிய அந்த வகுப்பின் பெயர் ரூரல் ஸ்டூடியோ.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு செமஸ்டர் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஓர் ஆண்டு முழுக்கத் தங்குகிறார்கள். சில பேர் சேர்ந்து ஒரு குழு; ஒரு குழுவுக்கு ஒரு வேலை. ஒரு வீடாக இருக்கலாம், தீயணைப்பு நிலையமாக இருக்கலாம், பூங்காவுக்கு ஒரு கழிப்பறையாகவும் இருக்கலாம். வரைவது அவர்கள் பொறுப்பு. பொருள் தேடுவதும், நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவதும், அஸ்திவாரம் தோண்டுவதும், மரம் அறுத்துக் கூரை ஏற்றுவதும் அவர்கள் பொறுப்பே. கடைசியில் சாவியை உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓராண்டுக்குள் முடியவில்லையா? பட்டம் வாங்கிய பிறகும் அங்கேயே தங்கி, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போன குழுக்கள் பல. இப்படி எழுந்தவை இதுவரை 200-க்கும் மேல்.

ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களை நம்பி ஒரு முதியவரின் வீட்டை ஒப்படைப்பது சாதாரண முடிவல்ல. அந்த முடிவிலிருந்து கட்டடக்கலைக் கல்வி என்ன பெற்றது, நாம் என்ன பெறலாம் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

காகிதத்தில் எழும் கட்டடங்கள்

பி.ஆர்க். படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், டிசைன் ஸ்டூடியோ என்றால் என்னவென்று அந்த வீட்டுக்கே தெரிந்திருக்கும். மற்ற பாடங்களுக்குப் பரீட்சை உண்டு, டிசைனுக்கு ஜூரி. செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு பிராஜெக்ட் கொடுப்பார்கள். முதலாண்டில் ஒரு சிறிய குடில் அல்லது வீடு, பிறகு பள்ளிக்கூடம், மருத்துவமனை, அருங்காட்சியகம், விமான நிலையம் என்று அளவு ஏறிக்கொண்டே போகும். மாணவர் ஒரு கான்செப்ட் பிடிக்க வேண்டும். பிளான், செக்‌ஷன், எலிவேஷன் வரைய வேண்டும். மாடல் செய்ய வேண்டும். ஜூரிக்கு முந்தின இரவு யாரும் தூங்க மாட்டார்கள். மறுநாள் காலை சுவரில் ஷீட்டுகளை ஒட்டிவிட்டு, சிவந்த கண்களோடு நிற்பார்கள். வெளியிலிருந்து வந்த கட்டடக்கலைஞர்கள் கேள்வி கேட்பார்கள். சிலர் பாராட்டு வாங்குவார்கள், சிலர் கண்ணீரோடு வெளியே வருவார்கள். அடுத்த வாரம் அந்த மாடல்கள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும்.

பாரிஸ் நகரின் எகோல் தே போஸார் கலைப்பள்ளியில் 19-ம் நூற்றாண்டில் முழு உருவம் பெற்ற முறை இது. ஒரு குருவின் பட்டறை, அவர் சொல்லும் ஒரு கற்பனைக் கட்டடம், குறித்த நேரத்துக்குள் வரைபடம், நடுவர்களின் தீர்ப்பு. இந்தச் சட்டகம் உலகெங்கும் பரவி நம்மிடமும் வந்து சேர்ந்தது.

இந்த முறையைக் குறைசொல்லித் தள்ளிவிட முடியாது. பத்தொன்பது வயதுப் பெண்ணோ பையனோ ஒரு நகரத்துக்கே நூலகம் வடிவமைக்கத் துணிவது பெரிய விஷயம். காகிதத்தில் தவறு செய்தால் யார் தலையிலும் கூரை விழாது. தைரியமாகக் கற்பனை செய்யவும், அதை நாலு பேர் முன்னால் நின்று விளக்கவும், கடுமையான விமர்சனத்தைக் கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வரையவும் ஸ்டூடியோ கற்றுத் தருகிறது. வேறு எந்தப் பட்டப்படிப்பிலும் இவ்வளவு பயிற்சி கிடையாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மருத்துவம் படிப்பவர் பட்டம் வாங்குவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான நோயாளிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிடுகிறார். கட்டடக்கலை படிப்பவர் ஐந்தாண்டுகள் படித்து முடிக்கும்போது, தான் வரைந்த ஒரு சுவர்கூட எழுந்து நிற்பதைப் பார்த்திருக்க மாட்டார். இடையில் ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் பயிற்சி உண்டு. அந்த நாட்களும் பெரும்பாலும் கணினித் திரை முன்னால்தான் கழிகின்றன. அவர் வரைந்த வீட்டில் யாரும் குடியேறியதில்லை. அங்கே மழை பெய்ததில்லை. செலவு கணக்கை மீறிவிட்டது என்று யாரும் அவரிடம் வந்து சொன்னதில்லை. ஐந்தாண்டுகளும் காகிதத்திலேயே போய்விடுவது மாணவருக்கு மட்டும் நஷ்டமல்ல, அவரை நம்பிப் பிற்பாடு வீடு கட்டப்போகிறவருக்கும் நஷ்டம்.

இதை முன்பே சிலர் உணர்ந்திருந்தார்கள். 1967-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மூர், கட்டடக்கலை முதுநிலை முதலாண்டு மாணவர்களைக் கென்டக்கி மாநிலத்தின் ஓர் ஏழைக் கிராமத்துக்கு அழைத்துப்போய்ச் சமுதாயக் கூடம் கட்ட வைத்தார். வகுப்பு மொத்தமும் வரைந்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லோருமாகக் கட்டும் அந்தப் பழக்கம் யேலில் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் ஒரே வட்டாரத்தில் நிலையாகக் குடியிருந்து, அந்த மக்களோடு வாழ்ந்து, கட்டியதன் பலனையும் பாதகத்தையும் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பது என்பது ரூரல் ஸ்டூடியோவின் வழி.

சாமுவேல் மாக்பியின் துணிச்சல்

இந்த வகுப்பைத் தொடங்கியவர்கள் இருவர்: சாமுவேல் மாக்பி, டி.கே. ரூத். மாக்பி 1944-ல் மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரில் பிறந்தவர். தாடி வைத்த பெருத்த உருவம். ஓவியரும்கூட. நண்பர்களுக்கு 'சாம்போ'. பணக்கார வீடுகளை வடிவமைத்துப் பெயரும் விருதும் வாங்கிய பிறகு ஆபர்னில் பேராசிரியராகச் சேர்ந்தார். கட்டடக்கலைஞர்களின் திறமையெல்லாம் வசதி உள்ளவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறது என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அதை மாற்றத் தொடங்கும் இடம் கல்லூரிதான் என்று அவர் நம்பினார்.

அவர் தேர்ந்தெடுத்தது, நியூபர்ன் இருக்கும் ஹேல் கவுன்டி. அமெரிக்காவின் மிக வறிய பகுதிகளில் ஒன்று. ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைந்த மண். 1936-ல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸும் இங்கே வந்து, குத்தகை விவசாயக் குடும்பங்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். அந்தப் படங்களில் நாம் பார்க்கும் பலகைக் குடிசைகளுக்கும், அறுபது ஆண்டுகள் கழித்து மாக்பியின் மாணவர்கள் பார்த்த வீடுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீர்க் குழாய் கிடையாது, சுவரில் ஓட்டை, கூரையில் ஒழுக்கு.

வீடு வெதுவெதுப்பாக, நனையாமல் இருந்தால் மட்டும் போதாது, அதில் கண்ணியமும் இருக்க வேண்டும் என்பது மாக்பியின் கொள்கை. ஏழைக்குக் கட்டுவதால் அழகில் கைவைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். மாணவர்கள் முதலில் கட்டி முடித்த வீட்டிலேயே இந்தப் பிடிவாதம் தெரிகிறது. பேரப்பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு முதிய தம்பதிக்காக 1994-ல் மேசன்ஸ் பெண்ட் என்ற இடத்தில் கட்டிய வைக்கோல் வீடு அது. வைக்கோல் கட்டுகளைச் செங்கல் போல அடுக்கி, மேலே சிமென்ட் பூசிய சுவர்கள். தடித்த சுவர் என்பதால் கோடையில் சூடு உள்ளே வராது, குளிரில் வெப்பம் வெளியே போகாது. வீட்டுக்காரர்கள் கேட்டது, வந்தவர்களை உட்காரவைத்துப் பேச ஒரு தாழ்வாரம். வீட்டின் முகமே அந்தத் தாழ்வாரமாக அமைந்தது. பக்கத்தில் மீன், இறைச்சியைப் புகைபோட்டுப் பதப்படுத்த ஒரு சின்ன அறை வேண்டியிருந்தது. ஒரு மாணவர் உடைந்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி, நடுநடுவே கண்ணாடிப் பாட்டில்களைப் பதித்துக் கட்டினார். வெயில் விழும்போது சுவரே மின்னும். மொத்தச் செலவு 140 டாலர்.

1995-ல் மூன்று மாணவர்கள் தங்கள் தீசிஸுக்காக ஒரு திறந்தவெளித் தேவாலயம் கட்டினார்கள். சுவருக்குக் கிடைத்த பொருள், வீசியெறிந்த கார் டயர்கள், ஏறக்குறைய ஆயிரம். ஒவ்வொரு டயருக்குள்ளும் மண்ணைத் திணித்து, இறுகும் வரை அடித்து, அடுக்கி, மேலே பூசினார்கள். ஒரு டயருக்குள் எவ்வளவு மண் பிடிக்கும், அதை இறுக்க ஓர் ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சுவரின் கனம் என்பது அந்த மூன்று பேருக்கும் தோள்பட்டையில் ஏறிய பாடம்.

மேசன்ஸ் பெண்டில் 2000-ல் எழுந்த சமுதாயக் கூடம்தான் இந்த வகுப்பை உலகப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோனது. சுவர்கள், மண்ணை இடித்து இறுக்கிய மண்சுவர்கள். ஒரு பக்கக் கூரை முழுக்கக் கண்ணாடி. அவ்வளவு கண்ணாடிக்குப் பணம் ஏது? மாணவர் ஒருவர் சிகாகோவின் பழைய கார்க் கிடங்கிலிருந்து செவர்லே கப்ரிஸ் கார்களின் 80 கண்ணாடிகளை 120 டாலருக்கு வாங்கி வந்தார். அவற்றை மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்துப் பொருத்தினார்கள். படத்தில் பார்ப்பவர்களுக்கு அது அழகு. கட்டியவர்களுக்கு அது ஒரு கணக்கு: வளைந்த கண்ணாடிகளைத் துளைபோட்டு எப்படிப் பிடிப்பது, இரண்டு கண்ணாடி சேரும் இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், காற்று வீசினால் எது அசையும்? இந்தக் கேள்விகளுக்கு ஷீட்டில் கோடு போட்டு மழுப்ப முடியாது. அடுத்த மழை விடை சொல்லிவிடும்.

2000-ல் மாக்பிக்கு மெக்கார்தர் ஃபெலோஷிப் கிடைத்தது. மறு ஆண்டு டிசம்பர் 30-ல் ரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கம் தன் உயரிய தங்கப் பதக்கத்தை 2004-ல் அவர் மறைவுக்குப் பின் வழங்கியது. அவர் ஓவியமாய்த் தீட்டிவைத்த ஒரு வீட்டை அவர் மாணவர்கள் 2002-ல் கட்டி முடித்தார்கள். ஒரு நிறுவனம் தந்த 72,000 பழைய கார்ப்பெட் துண்டுகளை அடுக்கி, மேலே கனத்த மரச்சட்டம் வைத்து அழுத்திய சுவர்கள். சூறாவளி வந்தால் குடும்பம் பதுங்க ஓர் அறையும் அதில் உண்டு.

பரிசோதனை யார் மேல்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது, எழவே வேண்டும். டயரிலும் வைக்கோலிலும் கார்ப்பெட்டிலும் வீடு கட்டிப் பார்ப்பது மாணவருக்குப் பாடம். அந்த வீட்டில் வாழப்போகிற ஏழைக்கு? வருகிற மாணவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். வீடு பெறுபவர்களில் பெரும்பாலோர் வறிய கறுப்பினக் குடும்பங்கள். மறுக்க வசதியில்லாதவர்மேல் பரிசோதனை செய்வது நியாயமா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். கூரை ஒழுகினால் மாணவர் அப்போது வேறு நகரத்தில் வேலையில் இருப்பார்.

இந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ரூரல் ஸ்டூடியோ அதைக் காதில் வாங்கிக்கொண்டது என்பதுதான் அதன் மேல் எனக்குள்ள மதிப்புக்குப் பெரிய காரணம். மாக்பிக்குப் பின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரியர், இங்கிலாந்தின் யார்க்‌ஷையரிலிருந்து வந்தவர். அவர் காலத்தில் விநோதப் பொருள்கள் மெல்லக் குறைந்தன. மரம், தகரம், கான்கிரீட் என்று ஊரில் கிடைப்பவற்றால், ஊர்க்காரர்களே பழுதுபார்க்கக் கூடியபடி கட்டுவது முக்கியமாயிற்று. தனி வீடுகளோடு ஊருக்கான கட்டடங்களும் வந்தன. நியூபர்னின் தீயணைப்பு நிலையம், அந்த ஊரில் 110 ஆண்டுகளில் எழுந்த முதல் புதிய பொதுக் கட்டடம். பிறகு 2011-ல் ஊர் மன்றம், 2013-ல் பழைய வங்கிக் கட்டடத்தைப் புதுப்பித்து ஒரு நூலகம். பக்கத்து ஊர்ப் பூங்கா ஒன்றில் ஒரு குழு விளையாட்டுத் திடல் போட, அடுத்தடுத்த ஆண்டுக் குழுக்கள் கழிப்பறை, சறுக்குத்தளம், குழந்தைகளுக்கான விளையாட்டிடம் என்று சேர்த்துக்கொண்டே போயின. முன்பு வந்தவர்கள் செய்ததை மதித்து, அதன்மேல் தன் பங்கைச் சேர்ப்பதும் ஒரு பாடம்தான். தன் பெயர் சொல்லும் கட்டடம் என்ற ஆசை, இளம் கட்டடக்கலைஞரை எளிதில் விட்டுப்போகாத ஆசை.

ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் அங்கே ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். கழுத்துக்குக் கீழே உள்ள உடம்புக்கு மட்டும் வேலை என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது, துப்புரவு செய்வது, மண் வெட்டுவது. மூத்தவர்கள் கட்டியதில் எது தாங்கியது, எது உளுத்தது என்பதை இளையவர்கள் கையால் தொட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இந்தியாவில் எந்தக் கல்லூரியும் இந்த ஒரு வாரத்தை நாளையே தொடங்கலாம். அதற்கு நிதியும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

பணம் என்ற ஆசிரியர்

2005-ல் ரூரல் ஸ்டூடியோ கையில் எடுத்த பிராஜெக்ட்தான், என் கணிப்பில், கட்டடக்கலை வகுப்பறைகளில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிக நல்ல கேள்வி. கேள்வி இதுதான்: 20,000 டாலருக்கு ஒரு வீடு கட்ட முடியுமா?

அந்தத் தொகை குருட்டாம்போக்கில் வந்ததல்ல. அரசின் முதியோர் உதவித்தொகையை மட்டும் நம்பி வாழும் ஒருவர், மாதம் சுமார் 100 டாலர்தான் வீட்டுக் கடனுக்குக் கட்ட முடியும். முப்பது வருடத் தவணையில் அது ஏறக்குறைய 20,000 டாலர் கடனாகிறது. அப்போதைய மதிப்பில் நம் ஒன்பது லட்ச ரூபாய்க்கும் குறைவு. அந்த வட்டாரத்தில் அந்த வசதிக்குக் கிடைத்த ஒரே வழி, சக்கரம் வைத்து இழுத்துவந்து நிறுத்தும் தொழிற்சாலை வீடு. வாங்கிய நாள் முதல் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிற வீடு அது.

கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள்: பொருளுக்கு 12,000, கூலிக்கும் ஒப்பந்தக்காரரின் லாபத்துக்கும் 8,000. இந்தப் பிரிவில்தான் பாடத்தின் கூர்மை இருக்கிறது. மாணவர்களின் இலவச உழைப்பைக் காட்டிச் செலவைக் குறைத்தால் அது ஏமாற்று. நாளைக்கு ஊரில் உள்ள ஒரு சாதாரண ஒப்பந்தக்காரர் இதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் கட்டி முடித்து, லாபமும் பார்க்க வேண்டும். அப்படி நடந்தால்தான் அது ஒரு வடிவமைப்பு. தானம் என்பதிலிருந்து தொழில் என்ற இடத்துக்கு மாணவர்களின் யோசனை நகர்ந்தது இங்கேதான்.

இந்தக் கட்டுப்பாடு கோடு போடும் கையை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒட்டுப்பலகை 4 அடிக்கு 8 அடி அளவில் வருகிறது. அறையின் அளவை அரை அடி தள்ளிப் போட்டால், ஒரு முழுப் பலகையை அறுத்து மிச்சத்தை வீச வேண்டும். ஆகவே அறையின் அகலத்தைக் கான்செப்ட் முடிவு செய்வதில்லை; பலகை முடிவு செய்கிறது. சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் வந்தால் குழாய்ச் செலவு குறையும். எதிரெதிர் சன்னல், உயர்ந்த உட்கூரை, ஆழமான கூரை நீட்டல் இருந்தால் அலபாமாவின் புழுக்கத்திலும் குளிர்சாதனம் குறைவாக ஓடும். மாதாமாதம் கட்டணம் கட்டப்போகிறவருக்கு அது சின்ன விஷயமல்ல. எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே வந்தவர்கள், முன்வாசல் தாழ்வாரத்தில் மட்டும் கைவைக்கவில்லை. ஐந்நூறு, அறுநூறு சதுர அடி வீட்டில் அந்தத் தாழ்வாரம்தான் மனிதர் மனிதரைப் பார்க்கும் இடம்.

ஆண்டுக்கு ஆண்டு புதிய குழு, புதிய வடிவம். முந்தைய ஆண்டு வீட்டில் குடியிருப்பவரிடம் போய்ப் பேசி, எது சரியாக வந்தது, எது தொல்லை தருகிறது என்று கேட்டு, அடுத்ததில் திருத்துகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் குடியிருப்பவரின் பெயரே வைக்கப்படுகிறது. வழக்கமான ஸ்டூடியோவில் பிராஜெக்ட்டுக்கு மாணவரின் பெயர் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

பிறகு எதிர்பாராத இடத்தில் முட்டியது. 2016-ல் அட்லாண்டா அருகே ஒரு குடியிருப்பில் இந்த வடிவங்களில் இரண்டு வீடுகளைக் கட்டிப் பார்த்தபோது, கட்டுவது கடினமாக இல்லை. மற்றதெல்லாம் கடினமாக இருந்தது. இவ்வளவு சிறிய வீட்டுக் கடனில் வங்கிக்கு லாபமில்லை, ஏனென்றால் பெரிய கடனுக்கு ஆகும் அதே எழுத்து வேலை இதற்கும் ஆகிறது. விதிகள் பெரிய வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காப்பீடு, மண்டல விதி, கழிவுநீர் என்று ஒவ்வொன்றும் தனிக் கதவு. ஹேல் கவுன்டியின் களிமண்ணில் கழிவுநீர்த் தொட்டியின் நீர் இறங்குவதில்லை என்பது வீட்டைவிடப் பெரிய சிக்கல். ஆகவே ஸ்டூடியோ இப்போது கழிவுநீர் பற்றியும், வீட்டுக் கடன் பற்றியும் ஆராய்கிறது. வேறு மாநிலங்களின் வீட்டுவசதி அமைப்புகளுக்குத் தன் வரைபடங்களைக் கொடுத்து உதவுகிறது. விலைவாசி ஏறி, 20,000 என்ற எண் இன்று கைக்கு எட்டாமல் போய்விட்டது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு சன்னலின் அளவைத் திருத்த வந்த மாணவர், அந்தச் சன்னலுக்குப் பின்னால் வங்கியும் சட்டமும் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் அறிந்தவரை இதற்கு ஈடான கட்டடக்கலைப் பாடம் வேறில்லை.

நமக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் பணம் இருக்கிறது, நன்கொடை கிடைக்கிறது, இங்கே எப்படி என்று கேட்பவர்களுக்கு வங்கதேசத்தின் ருத்ராபூரைக் காட்டலாம். ஜெர்மனியைச் சேர்ந்த அன்னா ஹெரிங்கர், கல்லூரிக்குப் போகும் முன்பே அந்தக் கிராமத்தில் தீப்ஷிகா என்ற தொண்டு நிறுவனத்தோடு ஓராண்டு தங்கியிருந்தவர். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கட்டடக்கலை படித்தபோது, தன் இறுதியாண்டு பிராஜெக்ட்டாக அந்தக் கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தை வடிவமைத்தார். அதை ஷீட்டோடு விட்டுவிடவில்லை. நிதி திரட்டினார், ஐக்கே ரோஸ்வாக் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து, 2005 கடைசியில் உள்ளூர் ஆட்களை வைத்துச் சில மாதங்களில் கட்டினார். கீழ்த்தளம் வைக்கோல் பிசைந்த தடித்த மண்சுவர், மேல்தளம் மூங்கில். அந்த ஊரில் மண்வீடுகள் நீடிக்காமல் போனதற்குக் காரணம், அடியில் அஸ்திவாரமும் ஈரத்தடுப்பும் இல்லாததே என்று அவர் கவனித்திருந்தார். செங்கல் அஸ்திவாரம் போட்டு, அதன்மேல் ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் விரிப்பு வைத்தார். ஊருக்குத் தெரிந்த மண்ணை விடாமல், அதன் குறையை மட்டும் தீர்த்தார். 2007-ல் அந்தப் பள்ளிக்கூடம் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. ஒரு மாணவியின் தீசிஸ்!

நம் பக்கத்திலும் விதை இல்லாமல் இல்லை. ஆரோவில்லில் சத்பிரேம் மைனி நடத்தும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டுக்கு நாடெங்கிலுமிருந்து கட்டடக்கலை மாணவர்கள் போய், அழுத்திய மண்கல் அடிப்பதையும் வளைவு எழுப்புவதையும் கையால் கற்று வருகிறார்கள். ஆனால் அது ஆர்வம் உள்ளவர் தேடிப் போய்ப் பெறும் பயிற்சி. பாடத்திட்டத்தின் நடுவே, மதிப்பெண்ணோடு, ஒரு முழு ஆண்டு அது வர வேண்டும்.

அதற்கான கேள்வியை வெளியே தேட வேண்டியதில்லை. 2024-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், குடிசையில் வாழும் ஒரு குடும்பத்துக்கு மூன்றரை லட்ச ரூபாய் கிடைக்கிறது. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்கான கூரையை வீட்டுக்காரர் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. எட்டு லட்சம் முறை கட்டப்படப் போகும் ஒரு வீட்டைவிட முக்கியமான டிசைன் பிராஜெக்ட் ஒரு கட்டடக்கலைக் கல்லூரிக்குக் கிடைக்குமா? அந்த 60 சதுர அடியில் திண்ணை வருமா, ஆட்டுக்குட்டி கட்ட இடம் வருமா, தையல் மெஷின் போட வழி உண்டா? ராமநாதபுரத்து வெயிலுக்கும் நீலகிரிக் குளிருக்கும் ஒரே சன்னல் போதுமா? கூலி கொடுத்து, கொத்தனாருக்கும் மிஞ்சும்படி, கடன் வாங்காமல் அந்தத் தொகையில் முடிக்க எது முதலில் குறைய வேண்டும்? விமான நிலையம் வரையும் மாணவர்களில் ஒரு குழுவாவது இந்தக் கேள்வியில் ஓர் ஆண்டு உட்காரட்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மாணவர்களைக் கூலியில்லாத சித்தாள்களாக்கிச் செலவைக் குறைக்கும் திட்டமாக இது ஆகிவிடக் கூடாது. கட்டடத்தின் உறுதிக்குப் பொறியாளர் பொறுப்பேற்க வேண்டும். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்; ஏழை என்பதால் அவருக்கு மறுக்கும் உரிமை இல்லாமல் போகாது. கட்டி முடித்த மறு மழைக்காலத்தில் அதே குழு திரும்பிப் போய்ப் பார்த்தால்தான் மதிப்பெண் போட வேண்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு ஸ்டூடியோவை மட்டும் பக்கத்து ஊராட்சிக்கு அனுப்பிப் பாருங்கள். ஜூரி மேசையில் ஒரு நாற்காலியை அந்த வீட்டில் குடியேறப்போகும் அம்மாவுக்குக் கொடுங்கள், இன்னொன்றை முப்பது வருடம் கரணை பிடித்த ஒரு மேஸ்திரிக்குக் கொடுங்கள். ஊராட்சித் தலைவர்களே, உங்கள் ஊரில் இந்த ஆண்டு எத்தனை வீடுகளுக்கு ஆணை வந்திருக்கிறது என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கட்டடக்கலைக் கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள். அங்கே இரவெல்லாம் விழித்து வேலை செய்யத் தயாராக நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள்.